குழுவோடு போய் உட்கார்ந்தேன், இப்போது தூக்கமில்லை

கேள்வி: எனக்கு 36 வயது. திருவாரூர் மாவட்டத்தில் ஒரு கிராமம். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். ஐந்து வருடமாகக் குழு லோனில் இருக்கிறேன். எங்கள் குழுவில் பத்துப் பேர். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். செவ்வாய்க்கிழமை காலையில் தலைவி வீட்டில் மீட்டிங். எங்களில் ஒருத்தியின் கணவர் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. இரண்டு வாரம் அவளுக்காக நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டினோம். மூன்றாவது வாரமும் அவளிடம் பணம் இல்லை. லோன் சார், "உங்க குழு பேரே கெட்டுடும், அடுத்த லோன் யாருக்கும் வராது, நீங்களே பேசி வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனோம். பேசிவிட்டு வரலாம் என்றுதான் போனோம். ராத்திரி ஒன்பது மணி வரை திண்ணையை விட்டு எழவில்லை. ஒருத்தி "மிக்ஸியத் தூக்கிட்டு வாங்கடி" என்றாள். ஒன்பதாவது படிக்கும் அவள் மகள் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். எங்களில் ஒருத்தி மட்டும் உள்ளே போய் அந்தப் பிள்ளைக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்துவிட்டு வந்தாள். எல்லோரும் ஏதாவது சொன்னார்கள். நான் மட்டும் சும்மா இருந்தால் அவள் பக்கம் என்று நினைத்துவிடுவார்களோ என்று, "நாங்க மட்டும் எங்கேருந்து கட்டுவோம்?" என்று நானும் கேட்டேன். கடைசியில் அவள் தோட்டைக் கழற்றிப் பக்கத்து வீட்டம்மாவிடம் கொடுத்துப் பணம் வாங்கி வந்தாள். என் மகளுக்குக் காய்ச்சல் முற்றியபோது ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் என்னோடு இருந்தவள் அவள். இப்போது ரேஷன் கடையில் பார்த்தால் நான் திரும்பி நடந்துவிடுகிறேன். திங்கட்கிழமை ராத்திரி தூக்கம் வருவதில்லை, நெஞ்சு படபடக்கிறது. கணவர், "ஒன்பது பேர் செஞ்சதுக்கு நீ ஏன் அழுவுற?" என்கிறார். நான் இவ்வளவு கல்நெஞ்சுக்காரியா? குழுவை விட்டு விலகிவிடட்டுமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் ஆறுதலுக்காகத்தான் சொல்கிறார். ஆனால் இந்தக் கணக்கு அப்படி வகுபடாது. ஒன்பது பேர் செய்ததை ஒன்பது பங்காக்கிக்கொண்டே போனால், அன்று அந்தத் திண்ணையில் யாருமே எதையுமே செய்யவில்லை என்று வந்து நிற்கும். அந்தப் பெண்ணின் தோடு போனதோ முழுசாகப் போயிருக்கிறது.

நீங்கள் கல்நெஞ்சுக்காரியும் இல்லை. கல்நெஞ்சுக்காரிக்குத் திங்கட்கிழமை ராத்திரி நன்றாகவே தூக்கம் வரும்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். "நான் மட்டும் சும்மா இருந்தால் அவள் பக்கம் என்று நினைத்துவிடுவார்களோ என்று" பேசினேன் என்கிறீர்கள். கோபத்தில் கேட்கவில்லை, பணம் வரும் என்று நம்பியும் கேட்கவில்லை. மற்ற எட்டுப் பேர் உங்களை எந்தப் பக்கம் வைப்பார்கள் என்ற பயத்தில் கேட்டீர்கள். இப்போது நான் ஒன்று கேட்கிறேன். மிக்ஸியைத் தூக்கச் சொன்னவளும் அதே பயத்தில் சொல்லியிருக்கலாம் என்று எப்போதாவது தோன்றியதா?

எனக்குத் தோன்றுகிறது. இப்படி யோசித்துப் பாருங்கள். சாயங்காலம் போகும்போது யார் மனதிலும் மிக்ஸி இல்லை. முதலில் ஒருத்தி குரலை உயர்த்துகிறாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. தடுக்காததையே சம்மதம் என்று அடுத்தவள் எடுத்துக்கொள்கிறாள், ஒரு படி மேலே போகிறாள். ஒவ்வொருத்தியும் உள்ளுக்குள் "இது கொஞ்சம் ஓவர்தான்" என்று நினைத்துக்கொண்டு, மற்றவர்கள் முகத்தைப் பார்க்கிறாள். எல்லா முகமும் உறுதியாக இருப்பதுபோல் தெரிகிறது. நமக்கு மட்டும்தான் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறாள். உங்கள் முகத்தைப் பார்த்தும் யாரோ ஒருத்தி அப்படி முடிவு கட்டியிருப்பாள். நீங்கள் அவர்களைக் கண்டு பயந்த அதே நேரத்தில் அவர்கள் உங்களைக் கண்டு பயந்திருக்கிறார்கள்.

இது என் ஊகம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950-களில் ஒரு சோதனை செய்தார். ஒரு அட்டையில் ஒரு கோடு. இன்னொரு அட்டையில் மூன்று கோடுகள். முதல் கோட்டின் நீளத்துக்குச் சமமானது எது என்று சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆஷ் ஏற்பாடு செய்த ஆட்கள். அவர்கள் வரிசையாக ஒரே தவறான பதிலைச் சொல்வார்கள். கடைசியில் முறை வரும் அந்த ஒரு ஆள் என்ன செய்வார்? மூன்றில் ஒரு பங்கு பதில்களில் கூட்டத்தோடு சேர்ந்து தவறாகவே சொன்னார்கள். நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது அப்படி வளைந்தார்கள். கண்ணெதிரே இருக்கும் கோட்டின் நீளத்துக்கே இந்தக் கதி. அங்கே லோனும் இல்லை, சாரும் இல்லை, நாளைக்குத் தெருவில் முகத்தில் விழிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

1968-ல் லத்தானே, டார்லி என்ற இருவர் செய்த இன்னொரு சோதனை உங்கள் திண்ணைக்கு இன்னும் பக்கத்தில் வருகிறது. அறையில் ஒருவர் படிவம் நிரப்பிக்கொண்டிருப்பார். சுவர் ஓட்டை வழியாகப் புகை வர ஆரம்பிக்கும். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்து போய்த் தகவல் சொன்னார்கள். கண்டும் காணாமல் உட்கார்ந்திருக்கும்படி சொல்லிவைத்த இரண்டு பேரைப் பக்கத்தில் வைத்தபோது, சொன்னவர்கள் 10 சதவீதம்தான். மற்றவர்கள் புகையைக் கையால் விசிறிக்கொண்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு, படிவத்தை நிரப்பிக்கொண்டே இருந்தார்கள்.

இதையெல்லாம் சொல்வது உங்களுக்கு மன்னிப்புச் சீட்டு எழுதிக் கொடுக்க இல்லை. "கூட்டம் அப்படித்தான், மனுஷன் என்ன செய்வான்" என்று முடித்துவிடுவது சுலபம். உளவியல் படித்த சிலரே அப்படி முடித்துவிடுகிறார்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 1971-ல் நடந்த சிறைச் சோதனையைப் பற்றி நீங்கள் எங்காவது படித்திருக்கக்கூடும். சாதாரண மாணவர்களுக்குக் காவலர் உடுப்பைப் போட்டுவிட்டதும் தானாகவே கொடூரமாக மாறினார்கள் என்றுதான் பல வருடம் பாடம் நடந்தது. பிற்பாடு அந்தச் சோதனையின் ஒலிப்பதிவுகள் வெளியே வந்தன. கடுமை காட்டத் தயங்கிய ஒரு காவலரிடம் ஆய்வுக் குழுவைச் சேர்ந்தவரே உட்கார்ந்து, இன்னும் கறாராக இருக்க வேண்டும், நம் எல்லோருடைய நோக்கத்துக்காகவும்தான் என்று பேசிப் பேசிக் கரைத்திருக்கிறார். கூட்டம் தானாக மிருகமாவதில்லை. பெரும்பாலும் யாரோ ஒருவர் "நாம்" என்ற சொல்லை எடுத்து நம் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துகொள்கிறார்.

உங்கள் ஊரில் அந்த ஆள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "உங்க குழு பேரே கெட்டுடும்" என்று சொன்னவர் திண்ணையில் இல்லை.

அவரையும் முழுக்கக் குறை சொல்லிவிட முடியாது, அவருக்கும் மேலே ஒருவர் டார்கெட் கேட்டுக்கொண்டிருப்பார். இந்தக் கடனின் அமைப்பே அப்படி. பங்களாதேஷில் முகமது யூனுஸ் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 1976-ல் ஜோப்ரா என்ற கிராமத்தில் தொடங்கி, 1983-ல் கிராமீன் வங்கியாக வளர்ந்த ஏற்பாடு உலகம் பூராவும் பரவியது. ஏழைப் பெண்களிடம் அடமானம் வைக்க நகையும் நிலமும் இல்லை, அதனால் ஒருவருக்கொருவர் ஜாமீன். வெளிப்படையாகச் சொன்னால், அடமானப் பொருள் உங்கள் பத்துப் பேருக்குள் இருக்கும் நேசமும் மானமும்தான். ஒருத்தி தவணை தவறும் நாளில் அதைத்தான் ஏலம் விடுகிறார்கள்.

அந்த நெருக்கடி இல்லாவிட்டால் கடனே திரும்பாது என்பார்கள். பிலிப்பைன்ஸில் லெய்ட்டே தீவில் ஒரு வங்கி இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. ஏற்கெனவே இருந்த குழுக்களில் பாதிக் குழுக்களுக்குக் கூட்டுப் பொறுப்பை எடுத்துவிட்டார்கள். வாரக் கூட்டம் வழக்கம்போல நடந்தது, ஆனால் அவரவர் கடன் அவரவருக்கு. மூன்று வருடம் பார்த்தும் தவணை தவறுவது கூடவில்லை. கொல்கத்தாவில் நடந்த ஓர் ஆய்வில் வாரத் தவணையை மாதத் தவணையாக்கிப் பார்த்தார்கள். கடனைக் கட்டுவது பற்றிய கவலையும் பதற்றமும் இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு அந்தப் பெண்களிடம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. உங்கள் திங்கட்கிழமை ராத்திரிக்கு உங்கள் மனம் மட்டும் காரணமில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சரி, விலகிவிடட்டுமா என்று கேட்கிறீர்கள். கடன் முடிந்ததும் இந்த லோனிலிருந்து விலகுவது உங்கள் இஷ்டம். அது பணக் கணக்கு, நான் சொல்வதற்கில்லை. ஆனால் இந்தப் பெண்களை விட்டு விலக வேண்டாம் என்பது என் கருத்து. அந்தத் திண்ணையை விடப் பெரியது நீங்கள் பத்துப் பேரும். ஐந்து வருடத்தில் அவர்கள் உங்களுக்கு என்னவாக இருந்திருக்கிறார்கள் என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஒருத்தி ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் கண் விழித்திருக்கிறாள். இரண்டு வாரம் அவளுக்காக ஒன்பது பேர் வீட்டிலிருந்து பணம் போட்டிருக்கிறீர்கள். அன்று பணம் போட்டதும் இதே குழுதான்.

மனிதருக்கு மனிதர் ஒட்டுறவு இருப்பது மனசுக்கு மட்டும் நல்லது என்று நினைக்க வேண்டாம். 2010-ல் 148 ஆய்வுகளைச் சேர்த்து, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை வைத்துப் பார்த்தார்கள். நல்ல உறவுவட்டம் உள்ளவர்கள் அந்த ஆய்வுக் காலத்தில் உயிரோடு இருப்பதற்கான வாய்ப்பு மற்றவர்களை விட 50 சதவீதம் அதிகம். புகைப்பிடிப்பதை நிறுத்துவதால் கிடைக்கும் நன்மைக்கு ஒப்பாக இதைச் சொன்னார்கள். கொல்கத்தாவில் நடந்த இன்னோர் ஆய்வில், வாரம் ஒருமுறை கூடிய பெண்கள் கூட்டம் முடிந்த பிறகும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வர ஆரம்பித்தார்கள் என்பதும், அடுத்த கடனில் அவர்கள் தவணை தவறுவது குறைந்தது என்பதும் பதிவாகியிருக்கிறது. பழக்கம் வளர்ந்தது, அதோடு பணமும் வந்தது. மிரட்டலுக்கு அங்கே வேலை இருக்கவில்லை. தருமபுரியில் 1989-ல் தொடங்கி நம் மாநிலம் முழுக்கப் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்களில் உங்கள் அம்மாவோ அத்தையோ இருந்திருந்தால் கேட்டுப் பாருங்கள். தங்கள் சேமிப்பைத் தாங்களே சுற்றுக்கு விட்டு, ஒருத்திக்குக் கஷ்டம் என்றால் தாங்களே பேசி இரண்டு மாதம் தள்ளிவைத்த கதைகள் நிறைய இருக்கும்.

இனிச் செய்ய வேண்டியது.

முதலில் அவளைப் போய்ப் பாருங்கள். தனியாகப் போங்கள், குழுவோடு வேண்டாம். அந்த வாசலில் இன்னொரு முறை ஒன்பது பேர் சேர்ந்து நிற்பதை, மன்னிப்புக் கேட்கத்தான் என்றாலும், அந்தப் பிள்ளை பார்க்க வேண்டாம். போனதும் சாரைப் பற்றியோ மற்றவர்களைப் பற்றியோ பேசாதீர்கள். "எல்லாரும் பேசினாங்க, அதான் நானும்" என்ற வாக்கியம் உங்கள் வாயில் வந்துவிடும், அதை அடக்கிக்கொள்ளுங்கள். "அன்னிக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. உன் பொண்ணு முன்னாடி கேட்டது அதவிடத் தப்பு" என்று சொன்னால் போதும். அவள் கதவைச் சாத்தலாம், திட்டலாம், "விடுக்கா" என்று சிரித்துவிட்டு உள்ளே போகலாம். எது நடந்தாலும் அங்கேயே அழுது அவளை உங்களுக்கு ஆறுதல் சொல்ல வைத்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வேண்டுமா, வீட்டில் ஆள் வேண்டுமா என்று கேட்டுவிட்டு வாருங்கள். உங்கள் வீட்டில் லோடு ஆட்டோ இருக்கிறது. சாமான் எதையாவது ஏற்றி இறக்க வேண்டியிருக்கலாம்.

அடுத்தது குழு. இங்கே உங்களுக்கு ஒரு நல்ல சேதி வைத்திருக்கிறேன். ஆஷ் தன் சோதனையில் ஒரு மாற்றம் செய்து பார்த்தார். கூட்டத்தில் ஒரே ஒருவர் மட்டும் சரியான பதிலைச் சொல்லும்படி ஏற்பாடு செய்தார். மற்ற எல்லோரும் பழையபடி தவறாகத்தான் சொன்னார்கள். ஆனாலும் அந்த ஒரு துணை கிடைத்ததும் வளைந்துகொடுப்பது நான்கில் ஒரு பங்காகச் சரிந்தது. அந்த ஒருவர் சரியாகச் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை. கூட்டத்திலிருந்து மாறி வேறொரு தவறான பதிலைச் சொன்னபோதுகூட மற்றவருக்கு வாய் திறந்தது. எட்டுப் பேரை மாற்ற வேண்டியதில்லை, ஒருத்தி போதும்.

அந்த ஒருத்தியை நீங்கள் ஏற்கெனவே கடிதத்தில் எழுதிவிட்டீர்கள். உள்ளே போய்த் தண்ணீர் மொண்டு கொடுத்தாளே, அவள். அவளுக்கும் அன்று மனசு கேட்கவில்லை, எதிர்த்துப் பேசத் துணிவு வரவில்லை, கையில் ஒரு சொம்புத் தண்ணீரோடு தன்னால் முடிந்ததைச் செய்தாள். செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் அவளைப் பாருங்கள். நூறு நாள் வேலையில் பக்கத்தில் நின்றுகொண்டே பேசலாம். "எனக்கு அன்னிலேருந்து தூக்கமில்ல, உனக்கு?" என்று மட்டும் கேளுங்கள். பதில் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். இரண்டு பேரும் ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்: மீட்டிங்கில் ஒருத்தி பேசினால் மற்றவள் உடனே, அடுத்த மூச்சிலேயே, "ஆமா" என்று சொல்ல வேண்டும். ஆஷ் சோதனையில் துணையாக இருந்தவர் பாதியில் கூட்டத்தோடு போய்ச் சேர்ந்ததும், தனியாக விடப்பட்டவரும் பழையபடி வளைந்துவிட்டார்.

மீட்டிங்கில் என்ன பேசுவது? நடந்ததைப் பற்றி யாரையும் குற்றம் சாட்டாதீர்கள். மிக்ஸி பேச்சை எடுக்கவே வேண்டாம், அவளுக்கும் உறுத்தும், உறுத்துவதாலேயே சீறுவாள். இனிமேல் யாருக்காவது கஷ்டம் வந்தால் அவர்கள் வீட்டுக்குக் குழுவாகப் போவதில்லை என்று மட்டும் கேளுங்கள். "அப்ப நீயே கட்டு" என்று ஒருத்தி சொல்லத்தான் செய்வாள். "போன ரெண்டு வாரம் கட்டின மாதிரி சேர்ந்து கட்டுவோம், முடியலன்னா கம்பெனிகிட்ட டைம் கேட்போம்" என்று சொல்லுங்கள். அப்போதும் எல்லோரும் தரையைப் பார்த்தால், சீட்டில் எழுதிப் போடச் சொல்லுங்கள். வேண்டும், வேண்டாம், ஒரு சொல் போதும், பெயர் வேண்டாம். ஆஷ் தன் ஆட்களைச் சத்தமாகச் சொல்ல விடாமல் தாளில் எழுதச் சொன்னபோதும் தவறான பதில்கள் பெருமளவு குறைந்தன. சீட்டைப் பிரிக்கும்போது உங்கள் குழு தன்னையே முதல் முறையாகப் பார்க்கும்.

சாரிடம் பேசுவதற்கும் உங்களுக்குப் பிடிமானம் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2022-ல் குறுங்கடனுக்கு விதிகள் போட்டிருக்கிறது. வசூல், இரண்டு தரப்பும் பேசி முடிவு செய்த இடத்தில்தான் நடக்க வேண்டும். கடன் வாங்கியவர் தொடர்ந்து இரண்டு முறையோ அதற்கு மேலோ அங்கே வராவிட்டால்தான் ஊழியர் வீட்டுக்கு வரலாம். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் போன் செய்து நச்சரிக்கக் கூடாது. மிரட்டல் பேச்சு கூடாது, உறவினரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது. கட்ட முடியாமல் தவிப்பவர்களைக் கண்டறிந்து என்ன வழி என்று சொல்லும் ஏற்பாடும் நிறுவனத்திடம் இருக்க வேண்டும். கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2025-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. ஆக, தான் செய்யக் கூடாததை உங்களைச் செய்ய வைத்தால் ஊழியருக்கு வசதி. "அவங்க வீட்டுக்காரர் படுத்திருக்காரு, தவணையத் தள்ளிப்போட வழி சொல்லுங்க சார், எழுதித் தர்றோம்" என்று நாலு பேர் கையெழுத்தோடு ஒரு தாளைக் கொடுங்கள், நகலில் வாங்கிக்கொண்டதாக எழுதி வாங்குங்கள். நிறுவனம் மசியவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் 14448 எண்ணில் புகார் பற்றி விசாரிக்கலாம். ஆஸ்பத்திரி ரசீதுகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். லோன் எடுக்கும்போது பிடித்த இன்ஷூரன்ஸில் கணவருக்கு ஏதாவது வருமா என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

தோட்டைப் பற்றி. ஒன்பது பேரும் சேர்ந்து மீட்டுத் தர முடிந்தால் நல்லது, ஆனால் அதை நீங்கள் தொடங்கி வைக்காதீர்கள். ஒருத்தி வற்புறுத்தி வசூல் செய்தால் அதுவும் இன்னொரு திண்ணையாகிவிடும். தண்ணீர் கொடுத்தவளோடு பேசும்போது சும்மா காதில் போட்டுவையுங்கள்.

உங்கள் தூக்கத்துக்கு வருகிறேன். அவளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகு படபடப்பு கொஞ்சம் தணியும், ஒரேயடியாகப் போய்விடாது. திங்கட்கிழமை ராத்திரி தூக்கம் வராவிட்டால் படுக்கையில் புரண்டுகொண்டிருக்காமல் எழுந்து ஏதாவது கைவேலை செய்துவிட்டு, கண் சொக்கும்போது போய்ப் படுங்கள். சாயங்காலத்துக்கு மேல் டீ வேண்டாம். மற்ற நாட்களிலும் தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், எதிலும் மனசு ஒட்டாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால், மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். அங்கே போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசுவார்கள். அந்த எண்ணை அவளுக்கும் கொடுங்கள். படுத்த கணவரோடும் மகளோடும் கடனோடும் இருப்பவளுக்கு உங்களை விட அது அதிகம் தேவைப்படலாம்.